எழுத்தில் இல்லாதது

கோல கெட்டில் சாலையில்
செம்பனைக் குலை லாரி போகும்போதெல்லாம்
எங்கள் கொள்கலன் வகுப்பறை ஒருமுறை தும்மும்.
தும்மி முடியும்வரை
புத்தகத்தைப் பிடித்தபடி காத்திருப்பேன்.

இரண்டாம் ஆண்டு. பதின்மூன்று பேர்.
பாய் விரித்து அரைவட்டமாய் உட்காரச் சொன்னால்
ஓர் இடைவெளி எப்போதும் விழும்,
முன்பல் விழுந்ததுபோல.
அதற்கு அப்பால் ஹேமாவதி.

அவள் அப்பா ஒட்டுப்பால் ஏற்றுகிறவர்.
அதே மோட்டார் சைக்கிளில்தான் அவளும் வருகிறாள்.
எத்தனை முறை துவைத்தாலும்
சீருடை மடிப்பில் கொஞ்சம் தங்கிவிடும்
அந்தப் புளித்த வாடை.
ஒருவரும் மூக்கைப் பொத்தியதில்லை.
ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை.
சொல்லியிருந்தால் கூப்பிட்டுக் கண்டித்திருப்பேன்;
கட்டொழுங்குப் பதிவேட்டில்
அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது.

ஜூனில் அவள் அம்மா வந்தார்.
"பள்ளிக்கூடம் வேணாங்குறா டீச்சர்."
யார் என்ன சொன்னது?
"யாரும் ஒண்ணும் சொல்லலையாம்."
அப்படியென்றால் சரி என்றேன்.
அப்படியென்றால் சரி
என்றுதான் சொன்னேன்.

இன்று வாசித்த புத்தகத்தில் காட்டில் விருந்து.
சருகுமான் வந்தது, இருவாச்சி வந்தது,
மரநாய் ஒரு தாறு வாழைப்பழம் இழுத்து வந்தது.
எல்லாரும் சுற்றி உட்கார்ந்தார்கள்,
எல்லாரும் பகிர்ந்து உண்டார்கள் என்று
குரலை ஏற்றி இறக்கி வாசித்தேன்.
லோகேந்திரன் வாழைப்பழத்துக்குக் கைதட்டினான்.

ஏழாம் பக்கத்தில் யஷ்வினா கை உயர்த்தினாள்.
இந்த வகுப்பில் எந்த விளையாட்டும்
அவள் கண்ணசைவில்தான் தொடங்கும்.
"டீச்சர், புக்கு பொய் சொல்லுது."
எது?
"எல்லாரும்னு சொல்லுது. அந்தத் தாப்பிர் உக்காரல."

எந்தத் தாப்பிர்?
மூன்று வருடமாய் வாசிக்கும் புத்தகம்,
நெகிழி அட்டை போட்டவளே நான்.
மரத்தின் பின்னால், பாதி கறுப்பு, பாதி வெள்ளை.
நிழலென்று தாண்டியிருக்கிறேன்.
பின்னோக்கிப் புரட்டினோம்.
ஆறில் புதரருகே. ஐந்தில் இன்னும் கிட்டே.
முதல் பக்கத்தில் பாயின் ஓரத்திலேயே,
வாயில் ஒரு கிளை ரம்புத்தானோடு.

விரட்டுனாங்களா? லோகேந்திரன் கேட்டான்.
"விரட்டல" என்றாள் யஷ்வினா,
சமையல் சொல்கிறவள்போல நிதானமாக.
"முழங்கையைக் கொஞ்சம் அகலமா வைக்கணும்.
தண்ணி போத்தலைப் பக்கத்துல வைக்கணும்.
இங்க ஆள் வருதுன்னு சொல்லணும்.
வராது. பரவால்ல.
பாக்கவே கூடாது. அதான் முக்கியம்."

லாரி ஒன்று போனது.
ஹேமாவதி காலுறையை மேலே இழுத்துவிட்டாள்.
அது ஏற்கெனவே மேலேதான் இருந்தது.

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.
அன்பு என்று வெண்பலகையில் எழுதிக்
கீழே கோடாவது போட்டிருக்கலாம்.
எனக்கோ ஆசிரியர் அறை ஞாபகம் வந்தது:
தற்காலிக ஆசிரியை புஷ்பலீலா
அலமாரி ஓரம் நின்றபடியே ரொட்டி தின்பது;
மேசையருகே ஒரு நாற்காலியில்
என் கைப்பை உட்கார்ந்திருப்பது.

நம் வகுப்பை வரைந்து வாருங்கள் என்றேன்.
மறுநாள் யஷ்வினாவின் தாள்.
எண்ணினேன். பன்னிரண்டு தலை.
வலது விளிம்பில் அரைக் காலணி,
ஒரு பின்னலின் நுனி.
ஒப்புக்கொள்கிறாளா,
இடம் போதாத கையா,
இல்லை, அங்கேயே நில் என்கிறாளா?
நட்சத்திர ஒட்டி
என் விரலிலேயே ஒட்டிக்கிடந்தது.

ஓய்வு மணி. கேண்டீன் பெஞ்சில்
யஷ்வினா போத்தலை மடிக்கு மாற்றினாள்.
வா என்று சொல்லவில்லை. நிமிரவும் இல்லை.
நாசி லெமாக் பொட்டலத்தோடு ஹேமாவதி
அந்த ஒரு சாண் பலகையை
நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அறைக்குப் போய்க்
கைப்பையைத் தரையில் வைத்தேன்.
புஷ்பலீலா இன்று எம்சி என்றார்கள்,
யாரும் நிமிர்ந்து பார்க்காமல்.